பொறந்தநாள் பாட்டில்

ஏனுங்க அம்மணி, சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு அது ஒத்து வராது. அவிநாசி பஸ் ஸ்டாண்டுல நான் எப்படியும் ஒருக்கா எறங்கி ஏறியாகணும். தண்ணி மாத்திரை போட்டிருக்கறனுங்க, ஒண்ணுக்கு வந்தா நம்ம பேச்சைக் கேக்காது. இந்தக் கட்டைப்பையை மட்டும் சித்த உங்க காலுக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன். சாயாம பாத்துக்குங்க, உள்ள எண்ணெய் சாமான் இருக்குது.

அதா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல ஊதாக் கலர் சுடிதாரு தெரியுதுங்களா? மடியில ஃபைலை வெச்சுக்கிட்டு, பரீட்சைக்குப் போறவளாட்ட நிமுந்து உக்காந்திருக்கறா பாருங்க. அவதான் என்ற ஓரகத்தி, மோகனப்பிரியா. என்ற கொழுந்தன் சதீசோட சம்சாரம். நாங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல கிட்னி டாக்டரைப் பாக்கப் போறோம். பின்ன ஏன் தனித்தனியா உக்காந்திருக்கறோம்னு பாக்கறீங்க. பக்கத்துல உக்காந்தா மாத்திரை போட்டீங்களா, தலை வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே வருவா. அதுக்குத்தான் பின்னாடி காத்து நல்லா வருதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

அவளுக்குத் துணையா நான் போறேன். எங்க தெருவுல அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறேன், நீங்களும் அப்படியே வெச்சுக்குங்க.

என்ற கொறையைக் கேளுங்க. எங்கூட்டுல உப்பு போச்சுங்க. ஆமாங்க, உப்புத்தான். நான் ஆரு? கோபி சந்தையில துளசிமணி ஊறுகாய்னு கேட்டுப் பாருங்க. மாங்கா சீசன் வந்துச்சுன்னா நாலு சாடி போட்டு வெப்பேன், வைகாசி முடியறதுக்குள்ள எல்லாம் காலி. அப்படிப்பட்ட கை இருக்கற ஊட்டுல ரசம் வெச்சா வெந்நியாட்ட இருக்குது. சட்டினி, புளிக்கொழம்பு, எல்லாத்துலயும் அரை உப்பு. ஊறுகாச் சாடி பரண்மேல ஏறிக்கிச்சு. எல்லாம் அந்த ஊதாச் சுடிதாரு பண்ணுன வேலை.

அவளை நான் மோசம்னு சொல்ல மாட்டேன். படிச்ச புள்ள, பள்ளிக்கூடத்துல வாத்தியாரம்மா. ஒரே சமையக்கட்டு, ரெண்டு பொம்பளைங்க, ஏழு வருசமா ஒரு சண்டை கெடையாது. அவளுக்கு இனியான்னு ஒரு பொண்ணு, ஆறு முடிஞ்சுது. அந்தப் பாப்பா வயித்துல இருக்கறப்ப இவளுக்கு ஏழாம் மாசத்துல பிரஷர் ஏறிப்போச்சுங்க. மூஞ்சி, கை, காலு எல்லாம் வீங்கி, மூத்திரத்துல புரதம் போகுதுன்னாங்க. எட்டாம் மாசம் பொறக்கவும் வயித்தைக் கிழிச்சு எடுத்துட்டாங்க. பாப்பா எங்க உள்ளங்கையில அடங்கும். அதைக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருந்த பதினெட்டு நாளும் நான்தானுங்க ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக் கெடந்தேன். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல.

கொறை அதுக்கப்பறம்தான். ஊட்டுக்கு அனுப்பறப்ப டாக்டரம்மா இவகிட்ட ஒண்ணு சொல்லிப்போட்டாங்க. பிரசவத்துல இந்த மாதிரி பிரஷர் வந்தவங்களுக்கு, புள்ள பெத்ததோட எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனைக்கக் கூடாது, பின்னால கிட்னிக்கு வர்றதுக்கு மத்தவங்களைக் காட்டிலும் வாய்ப்பு எச்சா இருக்குது, வருசம் ஒருக்கா பிரஷரும் மூத்திரமும் ரத்தமும் பாத்துக்கணும்னு. இவ என்ன பண்ணுனா? மறந்துரக் கூடாதுன்னு, பாப்பா பொறந்தநாளையே அதுக்கு நாளா வெச்சுக்கிட்டா. பொறந்தநாளுக்குக் கோயிலுக்குப் போவாங்க, கேக்கு வெட்டுவாங்க. காலைல எந்திரிச்சதும் பாட்டில்ல மூத்திரம் புடிச்சு லேப்புக்குக் கொண்டு போறதை எங்கியாச்சும் கேட்டிருக்கறீங்களா? எங்கூட்டுல அதான் நடக்குது. வருசா வருசம் நல்லாத்தான் இருக்குதும்மான்னு சொல்லித்தான் அனுப்பறாங்க. இருந்தும் இவ உப்பைக் கொறைச்சா, பிரஷர் பாக்கற மிசினு வாங்கி டிவிக்குப் பக்கத்துல வெச்சா.

வெச்சவ கம்முனு இருந்தாளா? என்னைப் புடிச்சுக்கிட்டா. அக்கா, உங்களுக்கும் பிரசவத்துல ஜன்னி வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, நீங்களும் பாக்கணும், வாங்க வாங்கன்னு ஒரே நச்சு.

எனக்கு ஜன்னி வந்துதுதானுங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என்ற பையன் கிஷோர் பொறந்தப்ப, இருவத்திமூணு வருசம் ஆச்சு. காலு ரெண்டும் பூசணிக்காயாட்ட வீங்கிச்சு. வீங்குனா ஆம்பளப் புள்ளைன்னு பக்கத்தூட்டுக்காரங்க சொன்னாங்க, நானும் சந்தோசமா வீங்கிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் தலைவலி மண்டையப் பொளந்துச்சு, அப்பறம் வெட்டி வெட்டி இழுத்துச்சாம். மூணு நாள் எனக்கு நெனப்பே இல்ல. நாலாம் நாள் கண்ணு முழிச்சு காப்பி கேட்டனாம். அப்படிப்பட்ட ஒடம்புங்க இது. டிஸ்சார்ஜ் சீட்டுல திரும்பி வரச் சொல்லி என்னமோ எழுதியிருந்தாங்க. நல்ல கெட்டிக் காயிதம். மடிச்சு ஊறுகாச் சாடிக்கு வாய் கட்டிப்போட்டேன். அதோட ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கலை.

மெட்டி கழட்ட வரலைன்னா அது வயசான சதை. காலைல தலை கனமா இருந்தா ஒரு காப்பியில சரியாப் போயிரும். கக்கூசுல ஒண்ணுக்குப் போனா நொரை நொரையா நிக்குது, அது மோகனா வாங்கிப் போடற பவுடருங்க. நல்ல பவுடரு, நல்லா நொரைக்குதுன்னு நானே அவகிட்டப் பாராட்டியிருக்கறேன். அவ ஒரு மாதிரி பாத்தா. பாராட்டுனா சந்தோசப்படத் தெரியாத புள்ளைன்னு நெனச்சுக்கிட்டேன்.

இப்ப கதைக்கு வர்றேன். போன மாசம் இனியாவோட பொறந்தநாள். மொத நாள் ராத்திரி சாப்பாட்டுல, பாப்பா பொறந்தநாளாச்சே, ஒரு நாளைக்காச்சும் சாடியைக் கீழ எறக்கலாம்னு சொன்னேன். ரிசல்ட் வரட்டுமுங்கக்கான்னுட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இந்த லேப்பே பித்தலாட்டம், நல்லா இருக்கறவங்களைப் பயமுறுத்திப் பொழைக்கறாங்க, அதை நிரூபிச்சுக் காட்டிப் போடறேன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன்.

காலைல நான் நேரத்துலயே எந்திரிச்சு மாங்காய்க்கு மஞ்சளும் மொளகாயும் பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். மோகனா பாட்டிலைப் பேரெழுதி, பொடக்காளித் திண்டு மேல வெச்சுப்போட்டு, பாப்பாளுக்குத் தலைக்கு ஊத்தப் போனா. பொடக்காளின்னா எங்கூட்டுப் பொறவாசல்ல குளிக்கற எடம். நான் ஓடிப் போயி அவ பாட்டிலைச் சாக்கடையில ஊத்தி, அலசிப்போட்டு, என்றதைப் புடிச்சு வெச்சுட்டேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க, நானும் சிரிச்சுக்கிட்டேதான் வெச்சேன். என்ற கணக்கு என்னன்னா, என்னது கல்லாட்ட ஒடம்பு. அதை அனுப்புனாலும் லேப்புக்காரன், இத்தனை வருசம் சும்மா விட்டதுக்கும் சேத்து, ஏதாச்சும் ஒரு கொறை எழுதித்தான் அனுப்புவான். சாயங்காலம் கேக்கு வெட்டறப்ப எல்லாரு முன்னாடியும் உண்மையைப் போட்டு ஒடைச்சா, ஊடே சிரிக்கும். சாடி கீழ எறங்கும், உப்பும் ஊட்டுக்குத் திரும்பி வரும்.

மத்தியானமே லேப்புல இருந்து மோகனாவுக்குப் போன் வந்துருச்சுங்க, அவ ஊட்டுக்குக் கூப்புட்டுச் சொன்னா. புரதம் மூணு பிளஸ்ஸு, உடனே டாக்டரைப் பாருங்கன்னு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம். பாத்தியா, சொன்னேனல்ல, ஒரு நோவும் இல்லாதவளுக்கு மூணு பிளஸ் போடறான் பாரு! கேக்கு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

கேக்கு வந்துச்சு. மோகனாவும் பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா. வந்தவ அழுவலைங்க. அழுதிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பேன். பாப்பாளை மடியில வெச்சுக் கேக்கை வெட்ட வெச்சா, எல்லாருக்கும் ஊட்டி விட்டா. அப்பறம் சமையக்கட்டுக்கு வந்து, நான் பாத்திரம் கழுவறப்ப பக்கத்துல நின்னுக்கிட்டு, மெதுவாச் சொன்னா.

"அக்கா, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இனியாளுக்கு நீங்கதான் தலை பின்னி உடணும். அவங்கப்பாவுக்கு வகிடு எடுக்க வராது."

நான் கழுவுன சட்டியவே மறுபடியும் கழுவறனுங்க. இந்தா சொல்றேன், இந்தா சொல்றேன்னு வாயி வரைக்கும் வருது, வெளிய வரலை. வெளையாட்டுன்னு சொன்னா அவ மூஞ்சி எப்படி ஆகும்னு நெனச்சேன். ரெண்டு நாள் வாயைத் தொறக்கலைங்க. அந்த ரெண்டு நாளும் அவ தூங்கலை, சதீஸ் தூங்கலை, நானும் தூங்கலை. அதுல நான் பண்ணுனது தப்புதான். மத்ததெல்லாம் விடுங்க, அது தப்பு.

மூணாம் நாள் டாக்டரம்மா ரத்தம் பாத்தாங்க, மறுபடியும் மூத்திரம் பாத்தாங்க. எல்லாம் சுத்தமா இருக்குது. அவங்களுக்கே கொழப்பம். லேப்புல பாட்டில் மாறியிருக்கணும்னுட்டாங்க. சதீசுக்குக் கோவம் தலைக்கேறி நேரா லேப்புக்கு வண்டியத் திருப்பிட்டான். நானும் கூடவே போனனுங்க. எதுக்குப் போனேன்? லேப்பு மாட்டறதைப் பாக்கத்தான். என்ற மனசு அப்படி, என்ன பண்றது.

அங்க ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேந்து மூணு மாசந்தானாம். சதீஸ் சத்தம் போடறான், மொதலாளி அந்தப் பொண்ணை மொறைக்கறாரு. நான் எதையும் மாத்தலீங்கண்ணா, பேரு பாத்துத்தான் வெச்சேன்னு அது கண்ணுல தண்ணி விடுது. ரிசல்ட் மோசமா இருந்தா பாட்டிலைக் கொஞ்ச நாள் எடுத்து வெப்பாங்களாம். உள்ள போயி அதைக் கொண்டாந்து காட்டுச்சு. மோகனப்பிரியான்னு எழுதுன சீட்டு, அதுமேல பளிச்சுனு மஞ்சளா எண்ணெய்க் கறை, ஒரு கட்டைவெரல் அளவுக்கு.

மோகனா அந்தச் சீட்டைப் பாத்தா. அப்பறம் என்ற கையப் பாத்தா. மாங்கா மஞ்சள் சீக்கிரத்துல போகாதுங்களே, மூணு நாளாச்சு, என்ற கட்டைவெரல் இன்னும் தங்கமாட்ட மின்னுது. நான் அதை முந்தானைக்குள்ள ஒளிச்சேன். ஒளிக்காம இருந்திருந்தா தப்பிச்சிருப்பேனோ என்னமோ.

இனி அவ பேசுவா, லேப்பு சிரிக்கும், சதீஸ் என்ன சொல்லுவானோன்னு நான் வாசப்படியப் பாத்துக்கிட்டு நிக்கறேன். அவ புருசன் தோளைத் தொட்டு, "கத்தாதீங்க, பாட்டில் இங்க மாறலை, எங்கூட்டுலயே மாறியிருக்குது"ன்னா. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டா. அப்பவும் நான் சும்மா நின்னா நல்லா இருக்காதில்லீங்களா? மாத்துனது நான்தாங்கண்ணு, அழுவாதன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிப்போட்டேன். பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு பேப்பரைக் கீழ எறக்கிப் பாத்தாரு. சதீஸ் எங்கிட்ட மூணு நாள் பேசலைங்க. அது ஞாயம்தான்.

ஊட்டுக்கு வந்ததும் மோகனா திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன், உப்பைப் பத்திப் பேசியிருப்பேன். அவ பாட்டுக்கு டிவிக்குப் பக்கத்துல இருந்த மிசினை எடுத்தாந்து எனக்கு முன்னால குத்துக்காலு போட்டு உக்காந்தா.

"கைய நீட்டுங்கக்கா."

"எனக்கெதுக்கு?"

"பாட்டில்ல இருந்தது ஆருதுங்கக்கா? அந்த மூணு பிளஸ் ஆருது?"

அம்மணி, நம்புனா நம்புங்க, அந்த நிமிசம் வரைக்கும் எனக்கு அது தோணலை. லேப்பு பொய் சொல்லுதுன்னு நெனச்சேன், லேப்பு பாட்டிலை மாத்திருச்சுன்னு மத்தவங்க சொன்னப்பக்கூட, பொழைச்சோம்டான்னு நெனச்சேன். அது என்றதுன்னு எனக்குத் தெரியும், அதுல இருந்தது என்ற நோவுன்னு தெரியலை. கைய நீட்டுனேன். நூத்தி எம்பது, கீழ நூத்திப்பத்துன்னு காட்டுச்சு. மிசினு கெட்டுப்போச்சுன்னு சொல்லிப் பாத்தேன். அவ கையில கட்டி நூத்திப்பதினாறுன்னு காட்டுனா. மறுநாளே என்னை டாக்டரம்மாகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனா.

டாக்டரம்மா ரத்தம் பாத்துட்டு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒம்பதுன்னாங்க. உங்க வயசுக்கு இது ஒண்ணுக்குக் கீழ இருக்கணும்மான்னாங்க. அந்தப் பிரசவத்துலயே கிட்னியில அடி விழுந்திருக்கலாம், அப்பறம் இத்தனை வருசமா ஏறியிருந்த பிரஷர் மீதி வேலையைப் பாத்திருக்குது, அதுக்கு வலியும் கெடையாது, சத்தமும் கெடையாதுன்னாங்க. கக்கூசுல நின்ன நொரையும் பவுடரு இல்லையாம், அந்தப் புரதம்தானாம். போனதைத் திருப்ப முடியாது, இருக்கறதைப் புடிச்சு நிறுத்தலாம், மாத்திரையும் உப்புக் கொறைக்கறதும் சரியா இருந்தா நெம்ப வருசம் இப்படியே ஓட்டலாம், இன்னும் ரெண்டு மூணு வருசம் தெரியாம விட்டிருந்தா ரத்தத்தைச் சுத்தம் பண்ற டயாலிசிஸ் மிசின்ல படுக்க வேண்டியிருக்கும்னு சொன்னாங்க. மோகனா பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்குதான்னு கேட்டா. சாடி வாயில இருந்து அவுத்துக் குடுத்தேன். எண்ணெயில ஊறி எழுத்தெல்லாம் கண்ணாடியாட்டத் தெரியுது. ஆறு வாரம் கழிச்சு வந்து பிரஷரும் மூத்திரமும் பாக்கணும்னு தெளிவா எழுதியிருக்காங்க. இருவத்திமூணு வருசமா அது என்ற ஊறுகாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்குது. அதுதான் இப்ப அவ ஃபைல்ல மொதக் காயிதம்.

ஆனா ஒண்ணுங்க, நல்லா ரோசிச்சுப் பாருங்க. நோவைக் கண்டுபுடிச்சது ஆரு? ஆறு வருசமா வா வான்னு கூப்புட்டா, நான் போனனா? அன்னைக்கு நான் பாட்டிலை மாத்தலைன்னா தெரிஞ்சிருக்குமா? அப்ப கெட்டிக்காரி ஆரு? இதை மோகனாகிட்டயே கேட்டனுங்க. அவ தலையில அடிச்சுக்கிட்டா. சதீசும் மூணு நாளைக்கப்பறம் மொத மொதலா அப்பத்தான் சிரிச்சான்.

அதா, திரும்பிப் பாக்கறா பாருங்க. கையக் காட்டறா, வாங்கன்னு. பக்கத்துல எடம் புடிச்சு வெச்சிருக்கறா, பெருமாநல்லூர்ல இருந்து ஆரையும் உக்கார விடலை.

பயமா இருக்குதுங்க அம்மணி. ஆருகிட்டயும் சொல்லலை, உங்ககிட்டச் சொல்றேன். அவ மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன்னுதான் இங்க வந்து உக்காந்தேன். ரெண்டு நாளைக்கு நான் அவளுக்குக் குடுத்த பயம் இருக்குதே, அதைத்தான் இப்ப நான் அனுபவிச்சுக்கிட்டு இருக்கறேன். என்ற பையனுக்கு இன்னும் பொண்ணு பாக்கலை. அவன் கல்யாணத்துக்கு நான் நிக்கோணும். மிசின்ல படுக்காம, என்ற கால்ல நிக்கோணும்.

சரி, அந்தக் கட்டைப்பையை இப்படிக் குடுங்க. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமா? மாங்கா ஊறுகாய், ஒரு சின்ன பாட்டில். கோயமுத்தூர்ல உப்பில்லாத தயிர்ச்சோத்துக்கு அவளுக்குத் தெரியாமத் தொட்டுக்கலாம்னு எடுத்தாந்தேன். வேண்டாம். நீங்களே கொண்டு போங்க. இந்த வருசத்துக் கடைசிச் சாடியில எடுத்தது, துளசிமணி கைப்பக்குவம். உப்பு உங்களுக்கு ஒத்துக்குமில்லீங்க? புள்ள குட்டி இருக்குதுங்களா?

ஒரே பையனா, நாலு வயசா. சுகப்பிரசவமா?

இல்லீங்களா? ஏன்?

பிரஷரா? எத்தனையாவது மாசத்துல? அப்பறம் போயிப் பாத்தீங்களா?

சரியாப் போச்சு போங்க. பாட்டிலை இப்படிக் குடுங்க, உங்களுக்கும் கெடையாது. ஏனுங்க கண்டக்டரு, சித்த இந்தப் பக்கம் வாங்க. இந்தாங்க, ஊறுகாய். மத்தியானச் சோத்துக்கு வெச்சுக்குங்க. உங்களுக்குப் பிரஷரு இல்லீல்ல? நல்லாப் பாத்துட்டுச் சாப்புடுங்க.

நான் முன்னாடி போயி அவ பக்கத்துல உக்காந்துக்கறனுங்க. பையன் பொறந்தநாளு எப்ப?

அடுத்த மாசமா? அன்னைக்குக் காலைல கேக்குக்கு முன்னால பாட்டிலோட லேப்புக்குப் போயிருங்க. புடிச்சதைக் கையிலயே வெச்சிருங்க அம்மணி, எங்கியும் எறக்கி வெச்சுப்போடாதீங்க. உங்கூட்டுலயும் என்னையாட்ட ஒருத்தி இருந்தாலும் இருப்பா.